சிரிக்கவைத்தோரும் சரித்திரம் எழுதியோரும்

ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதப் புகுவோர் முதலிலே தேடுவது அவர் பிறந்த நாளையும் பிறந்த இடத்தையுமாகும். உலகின் எல்லாத் திசைகளிலும் மக்கள் முகம் பார்த்து அறிந்துகொண்ட ஒருவரைப் பற்றி இவ்விரண்டினையும் ஐயந்திரிபறக் கூற முடியவில்லை என்றாற் பலர் நம்பமாட்டார்கள். சார்ளி சப்ளின் 1889ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 16ஆந் திகதி இலண்டன் மாநகரின் தென்பகுதியிலே பிறந்தார் என்று நூல்கள் கூறுகின்றன. அவரும் தம் வாழ்நாளெல்லாம் அவ்வாறே கூறிவந்தார். ஆனால், இங்கிலாந்தின் பிறப்புப் பதிவேடுகளில் அவருடைய பிறப்புப் பதியப்பட்டதாக எவரும் இதுவரை காட்டவில்லை.

1952ஆம் ஆண்டில் அவர் அமெரிக்காவை விட்டுக் கப்பலேறியபோது, திரும்பி வருவதற்கான அனுமதியை அமெரிக்க அரசாங்கம் இரத்துச் செய்தது. அவரைப் பொதுவுடைமைவாதி என ஐயுற்ற அமெரிக்க அதிகாரிகள், அவருடைய உண்மைப் பெயர் இஸ்ரேல் தோர்ன்ஸ்டைன் என்றொரு வதந்தியையும் பிடித்துக்கொண்டு, அவருடைய பிறப்பை ஆராய்ந்து சொல்லுமாறு பிரித்தானிய உளவுத் துறையினரைக் கேட்டனர். அத்துறையினர் சோமர்செற் மாளிகையிலிருந்த பதிவேடுகளைத் துருவிப் பார்த்தும் ஒன்றுங் கண்டிலர். அந்தக் கோவை 2012ஆம் ஆண்டிலே பொதுமக்கள் பார்வைக்கு விடப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் வேறொரு செய்தியும் வெளியாயிற்று. சப்ளின் இறந்தபின் அவருடைய எழுத்து மேசை மகள் ஒருவருக்கு வந்து சேர்ந்தது. அதிற் பூட்டிக் கிடந்த இழுப்பறை ஒன்றைத் திறந்தபோது ஒரு கடிதம் அகப்பட்டது. யாரோ முதியவர் ஒருவர் 1970களில் எழுதியது அது. சப்ளின் பிறந்தது இலண்டனில் அன்று, பேர்மிங்காம் நகருக்கு அருகேயுள்ள ஸ்மெதிக்கில், நாடோடிகளின் வண்டியொன்றிலேயே என்று அவர் எழுதியிருந்தார்.

எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர் செவிவழிச் செய்தியைக் கொண்டு எழுதப்பட்ட கடிதத்தை எந்த நீதிமன்றமும் சான்றாக ஏற்காது. ஆனால், தமக்கு வந்த கடிதங்கள் மலைபோற் குவிந்திருக்க, இந்த ஒன்றை மட்டும் சப்ளின் ஏன் பூட்டி வைத்திருந்தார்? அவர் பிறப்பைப் பற்றிக் கடிதம் ஒன்றும் நிறுவவில்லை. தம் பிறப்பைப் பற்றி அவருக்கே இருந்த ஆவலை அது காட்டுகின்றது என்று கொள்வதிற் பிழையில்லை. வாழ்க்கை வரலாறு எழுதுபவர் ஒரு சான்று எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று இவ்வாறு பிரித்தறிய வேண்டியவராகிறார். ஊமைப்பட காலத்து நகைச்சுவை நடிகர்களின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்களுக்கு இந்தத் தொல்லை மற்றையோரிலும் பன்மடங்கு அதிகம்.

அதற்குக் காரணம் உண்டு. அந்நடிகர்களிற் பலர் வறுமையிலே பிறந்தவர்கள். பாட்டுக் கொட்டகைகளிலும் ஊரூராய்த் திரியும் நாடகக் குழுக்களிலும் வளர்ந்தவர்கள். அவர்களுடைய இளமைக்குப் பள்ளிக்கூடத்துச் சான்றிதழுமில்லை, குடும்பத்துக் கடிதக்கட்டுமில்லை. பின்னர் ஒரே ஆண்டிலே உலகப் புகழ் வந்தடைந்தபோது, படக் கம்பனிகளின் விளம்பரக்காரர்கள் அவர்களுக்கு வேண்டிய இளமையைத் தாமே உண்டாக்கிக் கொடுத்தார்கள். நம் புலவர் பலருடைய சரித்திரத்திற் கர்ணபரம்பரைக் கதைகள் வந்து புகுவதற்கு நூற்றாண்டுகள் சென்றன. ஹொலிவூட்டிலே அவ்வேலை ஒரு வாரத்தில் முடிந்தது.

சப்ளினுடைய வரலாற்றை இந்தப் புழுதியிலிருந்து துடைத்தெடுத்தவர்களுள் முதன்மையானவர் டேவிட் றொபின்சன். இலண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகையிலே திரைப்பட விமரிசகராக இருந்த இவர், 1985ஆம் ஆண்டில் 'சப்ளின்: வாழ்வும் கலையும்' என்ற பெருநூலை வெளியிட்டார். சப்ளின் தம் கடைசிக் காலத்தில் வாழ்ந்த சுவிற்சலாந்து இல்லத்திலே காக்கப்பட்டிருந்த ஆவணங்களைப் பார்க்கும் வாய்ப்பினைச் சப்ளினின் மனைவியார் ஊனா இவருக்கு அளித்தார். ஸ்ரூடியோவிலே ஒவ்வொரு நாளும் எழுதப்பட்ட வேலைக் குறிப்புகள், கணக்குகள், கடிதங்கள் ஆகியன அங்கே இருந்தன. எந்த நாளிற் படம் பிடித்தார்கள், எந்த நாளில் ஒன்றுஞ் செய்யாது இருந்தார்கள் என்பதுகூட அவற்றில் உண்டு.

ஆயினும், இந்நூலின் மிகச் சிறந்த பகுதி சப்ளினின் இல்லத்து ஆவணங்களைக் கொண்டு எழுதப்பட்டதன்று. இலண்டன் நகரசபைகளின் வறியோர் விடுதிப் பதிவேடுகளைக் கொண்டு எழுதப்பட்ட இளமைக்கால அத்தியாயங்களே அது. செல்வர்களைப் பற்றிச் செல்வர்கள் எழுதி வைத்தார்கள். ஏழைகளைப் பற்றி எழுதியவர் விடுதிக் குமாஸ்தா ஒருவரே. அவர் எழுதியவையும் பெயர், வயது, வந்த நாள், போன நாள் என்பவற்றுக்கு அப்பாற் செல்லவில்லை. அந்த நான்கினையும் கொண்டு றொபின்சன் ஒரு குழந்தைப் பருவத்தைத் திரும்பக் கட்டினார். சப்ளினின் தாயார் ஹனா, 'லிலி ஹார்லி' என்ற பெயருடன் மேடையிலே பாடியவர். தந்தையாரும் பாடகர். குடியினால் உடல் நலிந்து 1901ஆம் ஆண்டில், முப்பத்தெட்டு வயதில் இறந்தவர். குடும்பத்தை அவர் பிரிந்தபின், குரலையும் வேலையையும் இழந்த தாயார் தம் இரு பிள்ளைகளுடன் 1896ஆம் ஆண்டில் வறியோர் விடுதியிலே தஞ்சம் புகுந்தார். பிள்ளைகள் அங்கிருந்து ஹான்வெல் என்னுமிடத்து அநாதைப் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். அப்போது சார்ளிக்கு வயது ஏழு.

1964ஆம் ஆண்டில் வெளியான தம் சுயசரிதையிலே சப்ளின் ஒரு நாளினை வருணிக்கின்றார். தாயார் ஒருநாள் திடீரென்று தமக்கும் பிள்ளைகளுக்கும் விடுதலை கேட்டாராம். மூவரும் தம் சொந்த உடைகளை அணிந்து வெளியே வந்தார்கள். தமையன் சிட்னியின் கையில் ஒன்பது பென்சு இருந்தது. கறுப்புச் செரிப்பழம் அரை இறாத்தல் வாங்கிக் கெனிங்டன் பூங்காவிலே இருந்து தின்றார்கள். பத்திரிகைத் தாளைக் கசக்கி நூலாற் கட்டிப் பந்து செய்து எறிந்து விளையாடினார்கள். மாலைத் தேநீர் வேளையானதும் தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விடுதி வாயிலுக்கே திரும்பிச் சென்றார். சம்பிரதாயங்கள் அனைத்தையும் மறுபடி செய்ய வேண்டியிருந்தமையால் அதிகாரிகள் சினங்கொண்டனர் என்றும் அவர் எழுதுகின்றார்.

எழுபத்தைந்து வயதுக் கிழவர் ஒருவர் எழுதிய இத்தகைய கதையைப் படிக்கும் எவரும், இதிற் கற்பனை எவ்வளவு என்று கேட்கக்கூடும். றொபின்சன் கேட்டார். 1898ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்துப் பதிவுகளைத் தேடிப் பார்த்தபோது, தாயும் மைந்தரும் வெளியேறியதும் உடனே திரும்பிச் சேர்க்கப்பட்டதும் அங்கே எழுதப்பட்டிருந்தன. செரிப்பழமும் காகிதப் பந்தும் பதிவேட்டில் இரா. ஆனால், அவற்றைச் சொன்னவர் நம்பத்தக்கவர் என்பதைப் பதிவேடு காட்டிற்று. சப்ளின் கூறிய இளமைக் கதையைப் பகட்டென்று ஒதுக்கியவர்கள் பலர் இருந்தனர். நாட்களும் வரிசையும் இடையிடையே பிறழ்ந்தாலும், பெரும்பான்மை உண்மையே என்று சான்றுகளுடன் நிறுவியமை இந்நூலாசிரியரின் பெருந்தொண்டு. பிறப்பைப் பற்றியும் அவர் ஒரு சான்றினை எடுத்துக்காட்டினார். பாட்டுக் கொட்டகைக் கலைஞர்களுக்கென வெளிவந்த 'மக்னெற்' என்ற பத்திரிகையின் 1889 மே மாத இதழொன்றில், சார்ள்ஸ் சப்ளினின் மனைவியார் லிலி ஹார்லிக்குச் சென்ற மாதம் ஓர் ஆண் குழந்தை பிறந்தது என்ற அறிவித்தல் இருக்கின்றது. திகதி 15 என்று அதிலே காண்கின்றது. இடம் சொல்லப்படவில்லை. உளவுத் துறையினர் அரசாங்கப் பதிவேட்டிலே தேடிக் காணாததிற் பாதியேனும் கூத்தாடிகளின் பத்திரிகையில் அறுபது ஆண்டுகளாகக் கிடந்தது என்பது சிறிது நகைப்புக்கிடமான சங்கதிதான்.

இனி, மெய்யைப் போலத் தோன்றி நெடுங்காலம் பலரை ஏமாற்றிய நூலொன்று உண்டு. 1915ஆம் ஆண்டிலே சான்பிரான்சிஸ்கோப் பத்திரிகையொன்றிற் சப்ளினின் வாழ்க்கைக் கதை தொடராக வெளிவந்தது. எழுதியவர் றோஸ் வைல்டர் லேன் என்ற அம்மையார். அடுத்த ஆண்டில் அது 'சார்ளி சப்ளின் தாமே கூறிய கதை' என்ற பெயருடன் புத்தகமாயிற்று. சப்ளின் பிரான்சு தேசத்துச் சிற்றூரொன்றிற் பிறந்தார் என்று அது தொடங்குகின்றது. பின்னும் அழகழகான கற்பனைகள் பலவுள. சப்ளின் வழக்குத் தொடர்வதாக அறிவிக்கவே வெளியீட்டாளர் நூலைத் திரும்பப் பெற்றனர். ஆயினும், சில பிரதிகள் தப்பின. தப்பிய பிரதிகளைக் கண்ட பிற்காலத்தவர்கள், சப்ளின் தாமே கூறிய கதை என்று அட்டையிலே போட்டிருப்பதால் அதனை நம்பித் தம் நூல்களில் எடுத்தாண்டனர். அவர்களை நம்பி அடுத்தவர்கள் எழுதினர். ஒரு பொய் மூன்று நூல்களில் வந்துவிட்டால் அதற்கு மூன்று சாட்சிகள் உண்டென்று மயங்குவது எழுத்தாளர்க்குங்கூட இயல்பு. றொபின்சன் இந்த நீரோட்டத்தை மேல்நோக்கித் தொடர்ந்து சென்று, ஊற்று ஒன்றே என்றும் அதுவே கலங்கியது என்றும் காட்டினார்.

வயதுக்கும் உருவத்துக்கும் பொருந்தாத சிறிய தொப்பி, இறுகிய மேற்சட்டை, தொளதொளத்த காற்சட்டை, பெரிய சப்பாத்து, பிரம்பு: இவற்றை அணிந்த அந்த நாடோடியை நேயர்கள் அனைவரும் அறிவார்கள். 1932ஆம் ஆண்டில் உலகப் பயணத்திடையே சப்ளின் இலங்கைக்கும் வந்தார். அதற்கு முன்னரே திரை வழியாக அந்த உருவம் உலகத் துறைமுகங்கள் பலவற்றிலும் இறங்கியாயிற்று. அது பிறந்த நாள் யாது? 1914ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆந் திகதி வெளியான 'வெனிஸிற் சிறுவர் மோட்டார்ப் பந்தயம்' என்ற படத்திலேயே மக்கள் அதனை முதன்முதலிற் கண்டார்கள். ஆனால், தாம் அவ்வேடத்தை முதலில் அணிந்தது மேபல் நோர்மன் நடித்த வேறொரு படத்துக்காகவே என்று சப்ளின் எழுதினார். அப்படம் இரண்டு நாட்களின் பின்னரே வெளிவந்தது. முதலிற் பிடித்தது பின்னும், பின்பு பிடித்தது முன்னும் வெளிவருதல் சினிமாத் தொழிலில் வழக்கமே. வெளியீட்டுத் திகதிகளை மட்டும் பார்த்த சிலர், கிழவருக்கு மறதி என்று எழுதிவிட்டார்கள். மறதி அவருடையதன்று. உடையைப் பற்றியும் ஒரு கதையுண்டு. மழைநாளொன்றில், கீஸ்டோன் கம்பனியின் பொது உடைமாற்றும் அறையில், காற்சட்டையை ஆர்பக்கிளிடமும் சப்பாத்தை போர்ட் ஸ்டேர்லிங்கிடமும் மற்றையவற்றை வேறு சிலரிடமும் இரவல் வாங்கிச் சப்ளின் அணிந்துகொண்டார் என்பது அக்கதை. இனிமையான கதை. ஆளுக்கொரு பொருள் கொடுத்தவராகத் தம்மையும் அதிலே சேர்த்துக்கொள்ள எல்லாருக்கும் ஆசை இருந்தமையால், அது இனிமையாக வளர்ந்திருக்கவுங் கூடும்.

எழுத்தாவணங்கள் இவ்வாறாக, படச்சுருளையே ஆவணமாகக் கொண்டு ஆராய்ந்தவர் கெவின் பிரவுன்லோ. இவர் பள்ளிச் சிறுவராயிருந்த காலத்திலேயே பழைய படச்சுருள்களைச் சேர்க்கத் தொடங்கினார். பின்னர், மறக்கப்பட்டு மூலைகளில் வாழ்ந்துகொண்டிருந்த ஊமைப்பட நடிகர்களையும் இயக்குநர்களையும் படப்பிடிப்பாளர்களையும் தேடிச் சென்று, அவர்கள் சொன்னவற்றை 1968இல் வெளியிட்ட பெருநூலொன்றிலே தொகுத்தார். அந்த முதியவர்கள் இறக்குமுன் அவர்களிடஞ் சென்று கேட்க ஒருவருக்குத் தோன்றியது நம் காலத்தின் நற்பேறு. 1983ஆம் ஆண்டில் டேவிட் கில் என்பாருடன் சேர்ந்து இவர் தொலைக்காட்சிக்காகத் தயாரித்த 'அறியப்படாத சப்ளின்' என்ற மூன்று பகுதித் தொடர் பெரிதும் பாராட்டப்பட்டது.

1916, 1917ஆம் ஆண்டுகளிற் சப்ளின் மியூச்சுவல் கம்பனிக்கு எடுத்த பன்னிரண்டு படங்களில், வேண்டாமென்று கழித்த துண்டுகள் அழியாது தப்பியிருந்தன. வைத்தியர் மருந்துச் சீட்டைக் கிழிப்பது போல, கலைஞர் தம் தவறுகளை அழித்துவிடவே விரும்புவார். இவையோ தப்பின. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் எண் பலகை உண்டு. அவ்வெண்களின் வரிசைப்படி அடுக்கிப் பார்த்தபோது, எழுதிய கதை எதுவுமின்றிச் சப்ளின் படப்பெட்டியின் முன்னின்றே சிந்தித்தார் என்பது கண்கூடாயிற்று. 'குடியேறி' என்ற படம் கப்பலில் வந்திறங்கும் ஏழைகளைப் பற்றியதென்று யாவரும் அறிவர். ஆனால், அவர் தொடங்கியபோது கப்பலுமில்லை, குடியேறிகளுமில்லை. உணவுச்சாலை ஒன்றிற் காசில்லாத ஒருவன் உண்ணும் வேடிக்கை மட்டுமே இருந்தது. இவன் யார், எங்கிருந்து வந்தான் என்ற வினா பின்னர் எழுந்தபோதே கப்பல் வந்து சேர்ந்தது. மேதையின் கையிலே கதை தானாகப் பாய்ந்தது என்று எழுதிவந்தவர்கள், அதே செயலை எத்தனையோ முறை திருப்பித் திருப்பிச் செய்து களைத்த மனிதரை அங்கே கண்டார்கள்.

சப்ளினைப் புகழ்ந்தவாறே செல்வது முறையன்று. அவருடைய சுயசரிதையில் ஒரு பெயர் இல்லை. 1910ஆம் ஆண்டில் பிரெட் கார்னோவின் நாடகக் குழு அமெரிக்கா சென்றபோது, அவருடன் அதே கப்பலிற் சென்றவரும் அவருக்குப் பதில் நடிகராக இருந்தவரும் ஸ்ரான் லோரல். பின்னாளில் ஒலிவர் ஹார்டியுடன் சேர்ந்து உலகை நகைக்க வைத்த அதே லோரல். ஐந்நூறு பக்கத்துக்கு அண்மிய நூலொன்றில் இவர் பெயரை ஓரிடத்திலேனும் சொல்லச் சப்ளினுக்கு மனம் வரவில்லை. லோரலோ வாழ்நாள் முழுதும் சப்ளினைப் புகழ்ந்தே பேசினார். சப்ளினுடைய மௌனத்தையும் வரலாற்றாசிரியர் ஓர் ஆவணமாகக் கொள்ளல் வேண்டும். அது காட்டுவது அழகிய பண்பன்று.

லோரலுக்கு வாய்த்த சரித்திரகாரர் ஜோன் மக்கேப். நாடகக்கலை கற்பித்த அமெரிக்கப் பேராசிரியர். சேக்ஸ்பியரைப் பயிலப் பேர்மிங்காமுக்கு வந்திருந்த காலத்தில், அங்கே மேடையேறிய லோரலையும் ஹார்டியையும் சந்தித்தார். சேக்ஸ்பியரைப் படிக்க வந்தவர் விகடர் இருவரின் வரலாற்றை எழுதுவதா என்று அக்காலத்துப் பல்கலைக்கழகத்தார் முகஞ்சுழித்திருப்பர். அவர் பொருட்படுத்தவில்லை. 1961இல் வெளியான 'திருவாளர் லோரலும் திருவாளர் ஹார்டியும்' என்ற நூல், அவ்விருவரையும் கலைஞர்களாக மதித்து எழுதப்பட்ட முதல் வரலாறு. ஹார்டி அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே காலமாகிவிட்டார். லோரல் அதனைக் கண்ணாற் கண்டார்.

பஸ்டர் கீற்றன் அவ்வளவு நற்பேறுடையவரல்லர். றூடி பிளெஷ் எழுதிய வரலாறு 1966ஆம் ஆண்டிலே வெளிவந்தது. கீற்றன் அதே ஆண்டு பெப்ரவரி முதல் நாளில் இறந்தார். சிரிக்காத முகத்துடன் பிறரைச் சிரிக்க வைத்த கீற்றன் கதை சொல்வதில் வல்லவர். ஆறு மாதக் குழந்தையாகப் படிக்கட்டில் உருண்டு விழுந்து காயமின்றி எழுந்த தமக்குப் 'பஸ்டர்' என்ற பெயரை இட்டவர் மாயவித்தைக்காரர் ஹூடினி என்று அவர் சொல்லுவார். பழைய பத்திரிகைகளைப் புரட்டியவர்கள், முன்னாளிற் பெயரிட்டவராகச் சொல்லப்பட்டவர் ஜோர்ஜ் பார்டி என்ற வேறொரு நடிகர் என்று கண்டார்கள். ஹூடினிக்குப் புகழ் வந்தபின் பெயரும் அவரிடம் போயிற்று. கீற்றனின் தந்தையார் நாடகப் பத்திரிகைகளுக்குத் தம் குடும்பச் செய்திகளைத் தாமே எழுதியனுப்பும் பழக்கமுடையவர். மகன் பொய்யரல்லர். தந்தை சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்.

ஹூடினி கதையினால் எவருக்கும் தீங்கில்லை. றொஸ்கோ ஆர்பக்கிளின் கதை அத்தகையதன்று. பருத்த உடலும் குழந்தை முகமுங் கொண்ட ஆர்பக்கிள், 1921ஆம் ஆண்டளவில் ஹொலிவூட்டில் மிகப் பெரிய ஊதியம் பெற்ற நடிகர்களுள் ஒருவர். 1917இற் கீற்றனை முதன்முதலிற் படப்பெட்டியின் முன் நிறுத்தியவரும் அவரே. 1921 செப்டம்பர் 5ஆந் திகதி சான்பிரான்சிஸ்கோ விடுதியொன்றில் அவர் அளித்த விருந்தில் வேர்ஜீனியா றாப்பே என்ற நடிகை நோயுற்றார். நான்கு நாட்களின் பின் இறந்தார். ஆர்பக்கிள் மீது கொலைக் குற்றஞ் சாட்டப்பட்டது. வழக்குத் தொடங்குமுன்னரே பத்திரிகைகள் தீர்ப்புக் கூறிவிட்டன. விற்பனை பெருகப் பெருகச் செய்தியும் பெருகிற்று. மூன்று முறை விசாரணை நடந்தது. முதலிரண்டிலும் யூரிகள் ஒருமனப்படவில்லை. 1922 ஏப்பிரில் 12ஆந் திகதி மூன்றாம் யூரி சபையினர் சில நிமிடங்களிலேயே அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தனர். விடுவித்ததோடு அமையாது, அவருக்குப் பேரநீதி இழைக்கப்பட்டதென்று எழுத்திலும் அறிவித்தனர். இத்தகைய அறிவித்தல் நீதிமன்ற வரலாற்றில் மிக அரிது. ஆறு நாட்களின் பின் படத்தொழிலின் கண்காணிப்பாளராய் அமர்த்தப்பட்ட வில் ஹேய்ஸ் அவருடைய படங்களைத் தடை செய்தார். தடை ஆண்டிறுதியில் நீங்கியபோதிலும் வாழ்வு நீங்கியது நீங்கியதே. அவர் வேறு பெயரில் மறைந்து நின்று படங்களை இயக்கினார். மீண்டும் திரையிலே தோன்றத் தொடங்கிய சிறிது காலத்தில், 1933 யூன் மாதம், நாற்பத்தாறு வயதில் இறந்தார்.

கதை அத்துடன் முடிந்திருக்கலாம். முடியவில்லை. 1959இற் பாரிசிலும் பின்னர் அமெரிக்காவிலும் வெளியான கெனத் அங்கரின் 'ஹொலிவூட் பாபிலோன்' என்ற நூல், நீதிமன்றத்தில் எவரும் சொல்லாத அருவருப்பான வதந்திகளை மறுபடி அச்சேற்றிற்று. விடுதலைத் தீர்ப்பை அறியாத பல்லாயிரம் பேர் அவ்வதந்தியை அறிந்தார்கள். டேவிட் யலொப் என்பவர் 1976ஆம் ஆண்டிலே எழுதிய நூல், வழக்குச் சாட்சியங்களையும் மருத்துவச் சான்றுகளையும் முன்வைத்து அந்த மனிதருக்காக வழக்காடிற்று. 2013இல் கிறெக் மெரிற் எழுதிய நூல் இன்னும் நிதானமானது. அது ஆர்பக்கிளைத் தேவராக்கவுமில்லை. மற்றையோர் தூற்றிய றாப்பேயை மறந்துவிடவுமில்லை. ஆர்பக்கிளைக் காக்கப் புகுந்த சிலர், இறந்துபோன அந்தப் பெண்ணின் நடத்தையைப் பழித்தே அதனைச் செய்தனர். ஒருவர்மேற் சுமத்திய பொய்யை இறக்குவதற்கு, பதில் சொல்ல முடியாத இன்னொருவர்மேற் பொய்யைச் சுமத்துவது வரலாறாகாது. இந்த ஓர் இடத்தில் வரலாற்றாசிரியரின் பொறுப்பு நீதிபதியின் பொறுப்பினும் பெரிது. நீதிபதியின் தீர்ப்பை மாற்ற மேல்நீதிமன்றம் உண்டு.

இவ்வளவும் எழுத்துச் சான்றுகளைப் பற்றியவை. நடிகனைப் பற்றி எழுதுவோர்க்கு அவன் நடித்த படமே முதற் சான்றன்றோ! அச்சான்று நெருப்புக்கு இரையாவது. அக்காலத்துப் படச்சுருள் நைத்திரேற்றுச் செலுலோயிட்டினால் ஆனது. தீப்பற்றினால் அணைத்தற்கரியது. தீப்பற்றாவிடினும் காலப்போக்கில் ஒட்டிப் பிசினாகிப் பின் பொடியாகும். பேசும்படம் வந்தபின், விலைபோகாத ஊமைப்படங்களைக் காப்பதற்குச் செலவிடக் கம்பனிகள் விரும்பவில்லை. சுருளிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே உருக்கப்பட்டவை எத்தனையோ. ஹரோல்ட் லொயிட் தம் படங்களைத் தாமே பேணி வைத்தவர். அவருடைய களஞ்சியத்திலும் 1943இல் தீப்பற்றிப் பழைய படங்கள் பல அழிந்தன. அமெரிக்கப் பாராளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912க்கும் 1929க்கும் இடையில் வெளியான ஏறக்குறையப் 11,000 அமெரிக்க முழுநீள ஊமைப்படங்களில், வெளியான வடிவிலே முழுமையாக எஞ்சியிருப்பவை 14 சதவீதமே.

அழிந்ததென்று கருதியது அகப்படுவதும் உண்டு. கீஸ்டோன் கம்பனியிற் பொலிசுக்காரனாகவும் தாம் நடித்ததாகச் சப்ளின் சொல்லியிருந்தார். அத்தகைய படம் எதுவும் அறியப்படாமையால் அக்கூற்றை வரலாற்றாசிரியர்கள் ஒருபுறம் வைத்திருந்தனர். 2010ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்துப் பழம்பொருட் சந்தையொன்றில் ஒருவர் வாங்கிய சுருளைப் போட்டுப் பார்த்தபோது, 1914இல் வெளியான 'திருடன் பிடிப்போன்' என்ற அப்படத்திற் பொலிசு உடையணிந்த சப்ளின் சில நிமிடங்கள் தோன்றினார். அவர் இறந்து முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின் அவர் சொல் மெய்யாயிற்று. லோரலும் ஹார்டியும் நடித்த 'நூற்றாண்டின் போர்' என்ற படத்தின் காணாமற்போன சுருளொன்று 2015இற் கிடைத்தது. சப்ளினின் 1914ஆம் ஆண்டுப் படங்களில் 'அவளது நண்பன் கொள்ளைக்காரன்' என்ற ஒன்று மட்டும் இன்னும் அகப்படவில்லை.

இவர்கள் எல்லாருக்கும் முன்னோடி பிரெஞ்சு நடிகர் மக்ஸ் லின்டர். 1905ஆம் ஆண்டிலே பதே கம்பனியிற் சேர்ந்து, பட்டுத் தொப்பியும் நேர்த்தியான உடையும் அணிந்த சீமானாக நடித்து, ஐரோப்பா முழுவதும் பெயரறியப்பட்ட முதற் சினிமா விகடர் இவரே. சப்ளின் இவருக்குக் கொடுத்த படமொன்றிலே தம்மை இவருடைய மாணாக்கர் என்று எழுதிக் கையொப்பமிட்டார். முதலாம் உலகப் போர் இவருடைய உடலையும் உள்ளத்தையும் நலிவித்தது. அமெரிக்காவிற் செய்த முயற்சிகள் எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. 1925ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிற் பாரிசில் அவரும் அவருடைய இளம் மனைவியும் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒரே மகள். பெயர் மோட். பெற்றோர் இறந்தபோது குழந்தைக்குப் பதினாறு மாதம்.

தாய்வழிப் பாட்டியார் வளர்த்தார். தந்தையின் பெயர் அவ்வீட்டிற் பேசப்படாத பெயர். வளர்ந்த பின்னரே தந்தை நடித்த படமொன்றை மோட் திரையிற் கண்டார். முகம் நினைவில்லாத தந்தையை அவர் முதலிற் பார்த்தது அங்கேதான். அந்த மண்டபத்திலே மற்றையோர் சிரித்திருப்பர். அதன்பின் அவர் தம் வாழ்நாளை அப்படங்களைத் தேடுவதிற் செலவிட்டார். நாடு நாடாகச் சென்று ஆவணக் களஞ்சியங்களிலும் தனியார் வீடுகளிலும் கிடைத்த சுருள்களைச் சேர்த்து, 1963இல் தந்தையின் மூன்று படங்களைத் தொகுத்து வெளியிட்டார். 1983இல் 'பட்டுத் தொப்பி அணிந்த மனிதர்' என்ற வரலாற்றுப் படத்தை எடுத்தார். பின்னர் நூலும் எழுதினார். மற்றைய சரித்திரகாரர்கள் தாம் எழுதும் மனிதரிடமிருந்து விலகி நிற்க முயல்வர். இவர் விலகி நிற்க முடியாதவர். தாயாரின் சாவுக்கு யார் பொறுப்பு என்ற வினாவும் அந்தத் தேடலில் அவருடன் கூடவே வந்தது. ஆயினும், சுருளைச் சேர்ப்பதிலும் திகதியிடுவதிலும் அவர் காட்டிய உழைப்பில்லையேல், சினிமா வரலாற்று நூல்களில் மக்ஸ் லின்டர் இன்று ஓர் அடிக்குறிப்பாகவே இருந்திருப்பார். 2017ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் மோட் லின்டர் காலமானார். அப்போது அவருக்கு வயது தொண்ணூற்று மூன்று. தந்தை நடித்த நூற்றுக்கணக்கான படங்களில் அவர் தேடிக் கண்டவை ஒரு பகுதியே.